ஒலிம்பியாவில் ஓடியவர்கள் சாமிக்கு ஓடினார்களா, பேருக்கு ஓடினார்களா?

சரித்திர டீச்சர்:

பதினோராம் வகுப்புக்குப் போன வாரம் பண்டைய கிரேக்கம் நடத்தினேன். கி.மு. 776இல் ஒலிம்பிக் தொடங்கியதாக மரபு, ஜீயஸ் கடவுளுக்கான விழா, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, வென்றவனுக்கு ஆலிவ் இலை முடி என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், சாமிக்குப் பலி கொடுத்தாங்க, சரி. பூசை பண்ணாங்க, சரி. ஓட்டப்பந்தயம் எதுக்கு? ஒருத்தன் இன்னொருத்தனை முந்துறதுல சாமிக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. பாடத்தில் மதம் ஒரு பத்தி, விளையாட்டு ஒரு பத்தி. இரண்டுக்கும் நடுவே ஒரு வரி கூட இல்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விழாவுக்குக் கூட்டம் சேரும் என்பதால் போட்டியை அங்கே வைத்தார்களா, இல்லை போட்டியே வழிபாடா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி:

டீச்சர், உங்கள் மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம், பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

ஒலிம்பியா நகரம் இல்லை. ஆல்ஃபியஸ் ஆறும் கிளாடியஸ் ஆறும் சேரும் இடத்தில், குரோனோஸ் குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு கோயில் தோப்பு. அதற்கு ஆல்டிஸ் என்று பெயர். நிர்வாகம் எலிஸ் என்ற நகரத்தின் கையில். விழா நாட்கள் தவிர மற்ற நாட்களில் அங்கே இருந்தவர்கள் பூசாரிகளும் குறி சொல்பவர்களும் கோயில் வேலைக்காரர்களும்தான்.

இந்தத் தோப்பின் நடுநாயகம் எது? ஃபீடியாஸ் என்ற சிற்பி செய்த பொன்னும் தந்தமுமான ஜீயஸ் சிலை என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் அந்தக் கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில்தான் எழும்பியது. அதற்கு முன்பும் பின்பும் அங்கே மையம் ஒரு சாம்பல் மேடு. பலி கொடுத்த காளைகளின் தொடைகளை எரித்த சாம்பலை ஆண்டுக்கு ஒரு முறை ஆல்ஃபியஸ் ஆற்று நீரில் குழைத்து அதே மேட்டில் பூசுவார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசானியாஸ் பார்த்தபோது அதன் உயரம் 22 அடி. எரிக்க வெள்ளை பாப்லர் விறகு மட்டும்தான். கல்லால் கட்டாத பலிபீடம், கொடுத்த பலியாலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பீடம்.

விழாவின் நடுநாளில், பௌர்ணமியை ஒட்டி, அந்த மேட்டில் நூறு காளை பலி. இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். ஃபிலோஸ்ட்ராட்டஸ் என்ற எழுத்தாளர் ஒரு செய்தி சொல்கிறார். பலிப்பொருளைப் பீடத்தில் வைத்தாகிவிட்டது, இன்னும் தீ மூட்டவில்லை. ஓடுபவர்கள் பீடத்திலிருந்து ஒரு ஸ்டேடியன் தூரத்தில், அதாவது சுமார் 192 மீட்டர் தள்ளி, நிற்கிறார்கள். பீடத்தின் முன்னால் பூசாரி தீப்பந்தத்தோடு நிற்கிறார். முதலில் வந்து சேர்ந்தவன் அந்தப் பந்தத்தால் பலிக்குத் தீ மூட்டுகிறான்.

அவர் எழுதியது பல நூற்றாண்டுகள் கழித்து. அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் கிரேக்கர் தங்கள் மிகப் பழைய பந்தயத்தை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. சாமிக்குத் தீ மூட்டுகிற கை யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் ஓட்டம்.

ஓட்டக்காரன்:

ஐயா எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் நான் கல்லூரியில் 400 மீட்டர் ஓடியவன். கடைசி ஐம்பது மீட்டரில் யார் மனதிலும் சாமி இருக்காது. பக்கத்து லேன்காரனின் மூச்சு மட்டும்தான் காதில் கேட்கும்.

கிரேக்கனும் மனிதன்தானே? ஆலிவ் இலைக்கு மட்டும் யாரும் ஓடவில்லை. ஒலிம்பிக்கில் வென்ற ஏதன்ஸ்காரனுக்கு 500 திராக்மா (வெள்ளிக் காசு) என்று அந்த ஊருக்குச் சட்டம் வகுத்த சோலன் சட்டம் போட்டதாகப் படித்திருக்கிறேன். ஊர்ச் செலவில் ஆயுள் முழுக்கச் சாப்பாடு. ஏதன்ஸின் பனதீனியா விழாவில் சிறுவர் ஓட்டத்தில் ஜெயித்தவனுக்கே 50 ஜாடி எண்ணெய். ஒரு ஜாடி 35 லிட்டருக்கு மேல் பிடிக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏதன்ஸ் அரசியல்வாதி அல்சிபியாடீஸ் கி.மு. 416இல் ஒலிம்பிக் தேர்ப் பந்தயத்தில் ஏழு தேர்களை இறக்கினான். முதல் இடம், இரண்டாம் இடம், நான்காம் இடம் எல்லாம் அவனுக்கே. அடுத்த வருஷமே சபையில் எழுந்து நின்று, அதைச் சொல்லிக் காட்டித்தான் சிசிலிப் படையெடுப்புக்குத் தலைமை கேட்டான். இதில் பக்தி எங்கே இருக்கிறது?

ஏட்டுப்பூச்சி:

தம்பி, நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரி. நான் வேறுபடுவது ஒரே இடத்தில். பேர் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம் என்று நாம் பிரிக்கிறோம். அவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. நாம் "மதம்" என்று சொல்வதற்கு நேரான ஒரு சொல்லே அவர்கள் மொழியில் கிடையாது.

அந்த 50 ஜாடியையே எடுத்துக்கொள்வோம். அது கடைச் சரக்கு இல்லை. ஏதீனா தேவிக்கு உரிய மரங்களின் எண்ணெய். அந்த மரத்தை வெட்டினால் வழக்கு வரும், தண்டனை வரும். ஜாடியின் ஒரு பக்கம் கேடயமும் ஈட்டியுமாகத் தேவி, மறுபக்கம் அந்தந்தப் போட்டியின் படம். வீட்டுக்குக் கொண்டுபோனவன் விற்றுப் பணமாக்கியிருக்கலாம். கொடுத்தவள் தேவி என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

ஒலிம்பியாவின் முடியும் அப்படித்தான். கோயிலுக்குப் பின்னால் நின்ற ஒரே ஒரு காட்டு ஆலிவ் மரத்தின் கிளையிலிருந்துதான் அதை எடுப்பார்கள். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கிற சிறுவன்தான் வெட்ட வேண்டும், அதுவும் தங்க அரிவாளால். டெல்ஃபியில் அப்பல்லோவின் லாரல், கொரிந்து பக்கம் பொசைடனுக்கு நடந்த விழாவில் பைன், நெமியாவில் காட்டு செலரி. அந்தந்த சாமிக்கும் இடத்துக்கும் உரிய இலை.

"கடைசி ஐம்பது மீட்டரில் சாமி இருக்காது" என்றீர்கள். ஹோமரின் இலியட்டில், போரில் இறந்த வீரன் பட்ரோக்ளஸின் ஈமச்சடங்குப் போட்டியில், நேர்மாறாக நடக்கிறது. ஒடிஸியஸ் பின்தங்கி ஓடுகிறான், முன்னால் ஓடுபவனின் பிடரியில் இவன் மூச்சுப் படுகிறது. முடிவுக்குச் சற்று முன்னால் மனதுக்குள் ஏதீனாவை வேண்டுகிறான். அவள் முன்னால் ஓடும் அயாக்ஸைக் காளைச் சாணத்தில் வழுக்கி விழ வைக்கிறாள். வாயில் சாணத்தோடு எழுந்த அயாக்ஸ், தன் காலை வாரிவிட்டவள் தேவிதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறான். கூட்டம் சிரிக்கிறது, ஆனால் அவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பக்கத்து லேன்காரனின் மூச்சும் சாமியும் ஒரே நொடியில் அங்கே இருக்கிறார்கள்.

வாசகன்_மதுரை:

போர்நிறுத்தத்தை விட்டுவிட்டீர்களே! ஒலிம்பிக் காலத்தில் கிரேக்கம் முழுக்கப் போரே நின்றுவிடும் என்பதுதானே மதத்தின் பெரிய பங்கு?

ஏட்டுப்பூச்சி:

அப்படித்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். உண்மை அதைவிடக் குறுகலானது. எகெகைரியா என்ற அந்த ஒப்பந்தம் கிரேக்கத்தின் எல்லாப் போரையும் நிறுத்தவில்லை. ஒலிம்பியாவுக்குப் போய்வருகிறவர்களைத் தொடக்கூடாது, எலிஸ் மண்ணில் ஆயுதத்தோடு நுழையக்கூடாது, அவ்வளவுதான். ஏதன்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பனீசியப் போர் நடந்த 27 ஆண்டுகளிலும் ஒலிம்பிக் தவறாமல் நடந்தது, போரும் நடந்தது.

ஆனால் அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு கி.மு. 420இல் நடந்த ஒரு வழக்கை அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். டீச்சர், இதை வகுப்பில் சொல்லுங்கள்.

எலிஸ் தன்னுடையது என்று உரிமை கேட்ட லெப்ரியம் ஊருக்கு ஒப்பந்தக் காலத்தில் ஸ்பார்ட்டா படைவீரர்களை அனுப்பியது என்று எலிஸ் குற்றம் சாட்டியது. அபராதம் 2000 மினா (ஒரு மினா நூறு திராக்மா), ஒரு வீரனுக்கு இரண்டு மினா வீதம். எங்கள் ஊருக்கு அறிவிப்பு வந்து சேருமுன்பே படை கிளம்பிவிட்டது என்று ஸ்பார்ட்டா வாதாடியது. எலிஸ் ஒரு சமரசம் சொன்னது: லெப்ரியத்தைத் திருப்பிக் கொடுங்கள், எங்களுக்கு வரவேண்டிய பங்கை விட்டுவிடுகிறோம், சாமிக்குச் சேரவேண்டிய பங்கை நாங்களே கட்டிவிடுகிறோம். ஸ்பார்ட்டா மறுத்தது. அடுத்து என்ன தண்டனை என்று பாருங்கள். கோயில், பலி, போட்டி ஆகிய மூன்றிலிருந்தும் ஸ்பார்ட்டா விலக்கப்பட்டது. மூன்றும் ஒரே கதவு. ஒன்றை மட்டும் மூட அவர்களுக்குத் தெரியவில்லை.

ஸ்பார்ட்டாவின் லிக்காஸ் என்ற பெரிய மனிதர் தன் தேரை பொயோஷியா என்ற வேறொரு கிரேக்கப் பகுதியின் பெயரில் ஓட்டினார். தேர் ஜெயித்தது. பொயோஷியா என்று அறிவித்ததும் பொறுக்க முடியாமல் களத்தில் இறங்கி, தேர் தன்னுடையது என்று காட்டத் தேரோட்டிக்கு முடி சூட்டினார். நடுவர்களின் ஆட்கள் அவரைப் பிரம்பால் அடித்தார்கள். கிரேக்கத்தின் மிகப் பெரிய படைபலம் உள்ள ஊர்க்காரருக்கு, ஆயிரக்கணக்கானோர் முன்னால் அடி. அன்று ஸ்பார்ட்டா படையோடு வந்துவிடுமோ என்று எல்லோரும் நடுங்கினார்கள். வரவில்லை.

கி.மு. 364இல் அந்தப் பாதுகாப்பும் போனது. ஆர்க்கேடியர்கள் ஒலிம்பியாவைப் பிடித்துக்கொண்டு விழா நடத்த, எலிஸ்காரர்கள் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே படையெடுத்து வந்தார்கள். ஆல்டிஸுக்குள்ளேயே சண்டை.

வாசகன்_மதுரை:

நன்றி ஐயா. நான் இத்தனை நாள் தவறாகவே நினைத்திருந்தேன்.

ஓட்டக்காரன்:

லிக்காஸ் கதை பிரமாதம். ஆனால் அது ஊர்கள் மேல் இருந்த பிடி. தனி ஆள் ஏமாற்றினால்? சாமி பயம் இருந்திருந்தால் லஞ்சம் இருந்திருக்கக் கூடாதே.

ஏட்டுப்பூச்சி:

லஞ்சம் இருந்தது. அதைத் தடுக்கத்தான் சத்தியம். சபை மண்டபத்தில் சத்தியத்தின் ஜீயஸ் நின்றார், இரண்டு கையிலும் இடி. மற்ற ஜீயஸ் சிலைகளை எல்லாம் விட, தப்புச் செய்பவனை மிரட்டுவதற்கென்றே செய்ததுபோல இருந்தது இதுதான் என்கிறார் பௌசானியாஸ். பன்றி இறைச்சித் துண்டுகளின் மேல் வீரனும் அவன் தகப்பனும் அண்ணன் தம்பிகளும் பயிற்சியாளரும் சத்தியம் செய்ய வேண்டும். பத்து மாதம் பயிற்சி செய்தேன் என்று வீரன் தனியாகவும் சொல்ல வேண்டும். ஒருவன் தப்புச் செய்தால் குடும்பமே சத்தியம் மீறியதாகிறது.

அப்படியும் மீறினார்கள். கி.மு. 388இல் தெசலியின் யூபோலஸ் என்ற குத்துச்சண்டை வீரன் எதிராளிகள் மூன்று பேருக்குப் பணம் கொடுத்தான். நான்கு பேருக்கும் அபராதம். அந்தப் பணத்தில் ஆறு வெண்கல ஜீயஸ் சிலைகள் செய்து, களத்துக்குப் போகும் வழியில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒலிம்பியாவில் வெற்றி பணத்தால் வராது, கால் வேகத்தாலும் உடல் பலத்தாலும் வரும் என்று ஒன்றில் எழுதி வைத்தார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் கி.மு. 332இல் இருக்கிறது. ஏதன்ஸின் கல்லிப்பஸ் ஐம்போட்டியில் எதிராளிகளை விலைக்கு வாங்கினான். அபராதம் விதிக்கப்பட்டது. ஏதன்ஸ் தன் பெரிய பேச்சாளர் ஹைபரைடீஸை அனுப்பி மன்னிக்கக் கேட்டது. எலிஸ் மறுத்தது. ஏதன்ஸ் பணமும் கட்டவில்லை, விழாவுக்கும் போகவில்லை. பிறகு டெல்ஃபி கோயிலில் குறி சொல்லும் அப்பல்லோ வாய் மூடிக்கொண்டார். அபராதத்தைக் கட்டும்வரை ஏதன்ஸ்காரருக்கு எந்தக் கேள்விக்கும் குறி கிடையாது! கட்டினார்கள். அந்தப் பணத்தில் இன்னும் ஆறு ஜீயஸ்.

ஜீயஸின் போட்டியில் நடந்த ஏமாற்றுக்கு வேறு ஊரில், வேறு சாமி கதவை மூடுகிறார். எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும். அல்சிபியாடீஸின் ஆணவத்தை வைத்து முழுச் சமூகத்தையும் அளக்க முடியாது, தம்பி.

கார்த்திகைப்பூ:

இத்தனை பேசுகிறீர்கள், பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கேள்வி கேட்டதே ஒரு மாணவிதான். கல்யாணம் ஆன பெண்கள் களத்துக்குள் வந்தால் டைபேயம் பாறையிலிருந்து தள்ளிவிடச் சட்டம் இருந்தது. சாமிக்கான விழா என்றால் பாதி ஊருக்கு ஏன் தடை?

நான் தேடிப் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே களத்தில் நடுவர்களுக்கு எதிரே ஒரு வெள்ளைக்கல் பீடம். அதில் ஒரே ஒரு பெண், டெமிட்டர் தேவியின் பூசாரி, உட்கார்ந்து எல்லாப் போட்டியையும் பார்ப்பாள். விழா ஜீயஸுக்கு, ஆனால் அந்த மண்ணில் ஒரு தேவிக்கும் இடம் இருந்திருக்கிறது.

ஹேரா தேவிக்குத் தனி விழா, ஹெராயா. அதையும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அதே ஒலிம்பியா களத்தில் நடத்தினார்கள். பதினாறு பெண்கள் கூடி ஹேராவுக்கு ஆடை நெய்வார்கள், போட்டியை நடத்துவதும் அவர்கள்தான். பெண் பிள்ளைகள் மூன்று வயதுப் பிரிவாக ஓடுவார்கள், சின்னவர்கள் முதலில். கூந்தல் விரித்து, முழங்காலுக்கு மேல் ஆடை, வலது தோள் திறந்து. தூரம் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஜெயித்தவளுக்கு ஆலிவ் முடி, ஹேராவுக்குப் பலியிட்ட பசுவில் ஒரு பங்கு.

அந்தப் பங்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெயித்தவள் தேவியின் பலியில் பங்காளி ஆகிறாள். டீச்சர், அந்தப் பிள்ளையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரித்திர டீச்சர்:

கட்டாயம் சொல்கிறேன் அக்கா. நான் கினிஸ்கா பெயரை மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஸ்பார்ட்டா அரச குடும்பத்துப் பெண், கி.மு. 396லும் 392லும் நான்கு குதிரைத் தேரில் வெற்றி. தேர்ப் போட்டியில் முடி தேரின் சொந்தக்காரருக்கு என்பதால் அவள் களத்துக்குள் வராமலே ஜெயிக்க முடிந்தது. கிரேக்கம் முழுவதிலும் இந்த முடியைப் பெற்ற ஒரே பெண் நான் என்று சிலைப் பீடத்தில் எழுத வைத்தாள். அந்தக் கல் கிடைத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே யாரும் எதிர்க்கவில்லையா?

ஏட்டுப்பூச்சி:

எதிர்த்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே ஸெனோஃபனீஸ் என்ற கவிஞர், குத்துச்சண்டைக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதை என் அறிவுக்குத்தான் தகும், அவன் ஜெயிப்பதால் ஊரின் களஞ்சியம் நிறையாது என்று பாடினார். நியாயமான கோபம். ஊர் கேட்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள தாசோஸ் தீவின் தியாகனீஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

இவன் கி.மு. 480இல் ஒலிம்பியாவில் குத்துச்சண்டையிலும், 476இல் கைகால் கலந்து போடும் பங்க்ராடியன் சண்டையிலும் வென்றவன். 480இல் இரண்டுக்கும் பெயர் கொடுத்து, குத்துச்சண்டையில் யூதிமஸை அடித்துக் களைத்துப்போய் இரண்டாவதில் நிற்க முடியாமல் போனான். நடுவர்கள் போட்ட அபராதம்: சாமிக்கு ஒரு தாலந்து (அறுபது மினா), யூதிமஸுக்கு ஒரு தாலந்து. முடியாத போட்டிக்குப் பெயர் கொடுத்தது சாமிக்கும் செய்த குற்றமாகிறது.

அவன் செத்தபின் நடந்தது இன்னும் வியப்பு. அவனைப் பிடிக்காத ஒருவன் இரவில் வந்து அவன் வெண்கலச் சிலையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சிலை சாய்ந்து அவன் மேல் விழுந்து அவன் செத்தான். பிள்ளைகள் சிலை மேல் கொலை வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு: சிலையைக் கடலில் போடு. போட்டார்கள். பிறகு தாசோஸில் விளைச்சல் இல்லை. டெல்ஃபியில் கேட்டால், நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப அழையுங்கள் என்றது. அழைத்தார்கள், பஞ்சம் தீரவில்லை. மறுபடி போய்க் கேட்டபோதுதான், உங்கள் தியாகனீஸை மறந்துவிட்டீர்களே என்றாள் குறி சொல்பவள். மீனவர் வலையில் சிலை மாட்டி வந்தது. பழைய இடத்தில் நிறுத்தி, தெய்வத்துக்குக் கொடுப்பதுபோல் பலி கொடுத்தார்கள். நோய் தீரவும் அவனை வேண்டினார்கள்.

கதை பௌசானியாஸ் சொன்னது. வழிபாடு கதையில்லை. தாசோஸ் சந்தைவெளியில் தோண்டியபோது கல்லில் செய்த ஒரு காணிக்கைப் பெட்டி கிடைத்தது. தியாகனீஸுக்குப் பலி கொடுப்பவர்கள் ஓபல் என்ற சிறு காசு ஒன்றுக்குக் குறையாமல் போட வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறது. நம் சொல்லில் உண்டியல். ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு, அவன் செத்துப் பல தலைமுறை கழித்தும் உண்டியல் வைத்து நடந்த வழிபாடு.

ஸெனோஃபனீஸ் களஞ்சியம் நிறையாது என்றார். தாசோஸ்காரர்கள் விளைச்சலே அவனால்தான் என்று நம்பினார்கள்.

ஓட்டக்காரன்:

சரி ஐயா, என் வாதத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஓடும்போது சாமி நினைப்பு இருக்காது என்பதை மட்டும் விடமாட்டேன். ஆனால் ஜெயித்த நொடியில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரே ஒரு முறை ஜெயித்தேன், ஜோனல் போட்டியில். நாடா மார்பில் பட்ட பிறகு சில நொடி, இது என் காலால் ஆனது இல்லை என்று தோன்றியது. பயிற்சி, வேகம் எல்லாம் தெரியும், இருந்தும் யாரோ தூக்கி வைத்தது போல. கிரேக்கன் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பீடமும் கட்டினான் என்றால் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும். அந்த ஒரு ஸ்டேடியன் ஓட்டத்தை எந்தத் திசையில் ஓடினார்கள்?

கப்பல்காரன்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பயணிகள் கப்பலில் வேலை. கட்டாகோலோ துறைமுகத்தில் நிற்கும்போது ஒரு முறை லீவு கிடைத்து ஒலிம்பியா போனேன்.

அந்த அபராத ஜீயஸ் சிலைகள் இப்போது இல்லை. நின்ற கல்பீடங்கள் மட்டும், களத்துக்குப் போகும் வழியில் இடது பக்கம் வரிசையாக இருக்கின்றன. அதைத் தாண்டினால் கல் வளைவு, அதைத் தாண்டினால் களம். கல் இருக்கைகள் கிடையாது, இரண்டு பக்கமும் புல் மேடு, அதில்தான் நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காருவார்களாம். ஒரு பக்கம் நடுவர் மேடை. எதிரே அக்கா சொன்ன டெமிட்டர் பீடம்.

இரண்டு முனையிலும் தரையோடு தரையாகக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் இரண்டு பள்ளக் கோடுகள், கால் விரலை ஊன்றிக்கொள்ள. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு விரலை வைத்தேன். வெயிலில் கல் சுட்டது. உள்ளே வந்த முனையிலிருந்தே எதிர் முனைக்கு ஓடினேன், எல்லாச் சுற்றுலாக்காரர்களும் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

தம்பி கேட்ட திசை: அவர்கள் கிழக்கு முனையிலிருந்து மேற்கே ஓடினார்கள், கோயில் தோப்பைப் பார்த்து. பழைய களம் இப்போது இருப்பதைவிட மேற்கே தள்ளி, ஆல்டிஸ் பக்கமாகவே இருந்தது என்று வழிகாட்டி சொன்னார். நான் ஓடியது தலைகீழ் திசை, சாம்பல் மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அடுத்த முறை கட்டாகோலோவில் கப்பல் நின்றால் கிழக்கு முனைவரை நடந்துபோய் அங்கிருந்து ஓடுவேன்.

சரித்திர டீச்சர்:

திங்கட்கிழமை இந்தத் திசையிலிருந்தே தொடங்குகிறேன். கரும்பலகையில் முதலில் பீடம், அப்புறம் கோடு.